மன்னரின் வாக்கும் குடியானவரின் தலையும்

எங்கள் உயர்தர வகுப்பு வரலாற்று சேர், பரீட்சைக்கு வராத கதை ஒன்றைச் சொல்லிவிட்டு, "சரி, இனி நீங்கள் அடிபடுங்கோ" என்று கதிரையில் சாய்ந்துவிடுவார். அப்படி நாங்கள் பல நாள் வாதாடியது பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஜோனைப் பற்றி.

1356 இல் புவாத்தியே போரில் ஜோன் ஆங்கிலேயரிடம் பிடிபட்டார். 30 இலட்சம் தங்கக் காசு மீட்புப் பணம் என்று 1360 இல் ஒப்பந்தமாகி, மகன் லூயி உட்படப் பலரைப் பிணையாக விட்டுத்தான் அவர் நாடு திரும்பினார். 1363 இல் லூயி தப்பி ஓடிவிட, அந்த அவமானம் பொறுக்காமல் தந்தை தானாகவே லண்டனுக்குத் திரும்பிப் போய், 1364 ஏப்ரலில் அங்கேயே இறந்தார். அரசியல் பேச்சுவார்த்தையும் ஒரு காரணம் என்பார்கள். இருந்தாலும் புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்த சேரமானைப் படித்து வளர்ந்த எங்களில் பலருக்கு ஜோனை உடனே பிடித்துப்போனது.

அப்புறம்தான் சேர் கேட்டார்: அந்தப் பணத்தைக் கட்டியது யார்? உப்புக்கும் வைனுக்கும் வரி போட்டுச் சனங்களிடம்தான் வாங்கினார்கள். அதற்கு முன்பே, மன்னர் லண்டனில் சிறையிருந்த 1358 இல், வடபிரான்சில் குடியானவர்கள் பிரபுக்களுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். அவர்களின் தலைவர் கியோம் கால். பேசலாம் வா என்று, பிரபுக்களின் படையோடு வந்த நவார் நாட்டு மன்னர் சார்ல்ஸ் அழைத்தார், கியோமும் நம்பிப் போனார். போனவரைப் பிடித்து வைத்துக்கொண்டு, தலைவர் இல்லாத கூட்டத்தைக் குதிரை வீரர்கள் கொன்று குவித்தார்கள், பிறகு அவர் தலையையும் வெட்டினார்கள். வீரர்களுக்குள் ஒருவருக்கொருவர் கொடுக்கும் வாக்கு உயிரைவிடப் பெரிது, குடியானவனுக்குக் கொடுத்தது வாக்கிலேயே சேர்த்தியில்லை. அதே நாடு, அதே காலம், அதே மானம்!

பிறக்கும்போதே எல்லா மனிதரும் மாண்பில் சமம் என்று 1948 இல் ஐ.நா. பிரகடனம் சொன்னதன் பெறுமதி, நான் அகதியாக இங்கே வந்து வரிசையில் நின்றபோதுதான் விளங்கியது. என் குலத்தையும் வாளையும் பார்த்து அல்ல, மனிதன் என்பதற்காக என் பேச்சைக் கேட்க வேண்டிய கடமை எதிரே இருந்தவருக்கு இருந்தது. அதனால் நான் இன்று முழுக்க கியோமின் பக்கம். ஆனால் வாக்குத் தவறினால் தானே போய்ப் பிடி கொடுக்கும் அந்த வெட்கம் இன்றைய ஆட்சியாளர்களிடம் காணோமே என்று மனம் எரிகிறது. கொடுத்த வாக்கு எழுத்தில் இருந்தும் அதை மீறிவிட்டு, கூச்சமில்லாமல் அடுத்த தேர்தலுக்கு வந்து நிற்கிறார்கள்.

ஜோன் இறந்த சவோய் மாளிகை இருந்த இடத்தில் இப்போது அதே பெயரில் ஹோட்டல் இருக்கிறது. அந்த வகுப்பில் ஜோனுக்காகக் கடைசிவரை வாதாடியவர்கள் இதைப் பார்த்தால் அடுத்த மலருக்குப் பதில் எழுதுங்கோ, நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.