புத்தகம் இல்லாத இரண்டு மாதங்கள்

2011 ஜூனில் பள்ளி திறந்தபோது பத்தாம் வகுப்புக்குப் புத்தகம் வரவில்லை. எல்லாப் பள்ளிக்கும் ஒரே பாடத்திட்டம் என்ற சமச்சீர் கல்வி பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிருந்தது. ஆகஸ்ட் 9ஆம் தேதி தீர்ப்பு வரும்வரை எதை நடத்துவது என்று யாருக்கும் தெரியாது. கணக்கு ஆசிரியர் பழைய கணக்குகளைப் போட்டுக் காலம் தள்ளினார். அரசுப் பள்ளியில் தமிழ் நடத்திப் பதிமூன்று வருடம் ஆகியிருந்த எனக்கு, கையில் புத்தகம் இல்லையென்றால் வகுப்பில் பேச ஒன்றுமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அதுவரை எனக்கு நல்ல பெயர்தான். மனப்பாடச் செய்யுளை அடிபிறழாமல் எழுத வைப்பேன். தேர்ச்சி விழுக்காடு குறைந்ததில்லை. கடிதத்துக்கு ஒரே மாதிரிதான்: தெருவிளக்கு எரியவில்லை, ஆவன செய்க. விளக்கே இல்லாத தெருவில் குடியிருக்கும் பிள்ளையும் அதையே நெட்டுருப் போட்டு எழுதி முழு மதிப்பெண் வாங்கும்.

புத்தகம் இல்லாத அந்த நாட்களில் முதலில் குறளை எடுத்துக்கொண்டேன். அதற்குப் புத்தகம் வேண்டாமே. கடைசி பெஞ்சில் ஒருவன் எந்நேரமும் பலகையைத் தட்டிக்கொண்டே இருப்பான். திருவிழாக்களில் மேளம் அடிக்கப் போகிறவன். அவனை எழுப்பி, நேர் அசைக்கு ஒரு தட்டு, நிரை அசைக்கு விரைவாக இரண்டு தட்டு என்று மட்டும் சொல்லிக்கொடுத்தேன். ‘கற்க கசடறக் கற்பவை’ என்று நான் சொல்லச் சொல்ல அவன் தட்டினான். தேமா, கருவிளம், கூவிளம். வாய்பாட்டின் பெயர் தெரியாமலே கை அதைப் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் விளையாட எண்ணி, ‘கற்க தீதறக் கற்பவை’ என்று மாற்றிச் சொன்னேன். பொருள் கெடவில்லை. ஆனால் அவன் கை நின்றுவிட்டது.

“இடிக்கிறது அம்மா.”

தேமாவை அடுத்து நிரை வர வேண்டிய இடத்தில் நேர் வந்திருந்தது. இலக்கணப் புத்தகம் தளை தட்டுகிறது என்று சொல்வதும் இதைத்தான். பதிமூன்று வருடமாக நான் விதியை முன்னால் நிறுத்திக் காதைப் பின்னால் தள்ளியிருக்கிறேன்.

அடுத்த வாரம் கடிதம். உங்கள் தெருவில் உண்மையாகவே எது சரியில்லையோ அதை எழுதுங்கள் என்றேன். பாதிப் பேர் பழக்க தோஷத்தில் தெருவிளக்கையே எழுதினார்கள். வகுப்பில் வாய் திறக்காத ஒருவன் அடிபம்பைப் பற்றி எழுதியிருந்தான். ‘எங்கள் அம்மா இரண்டு தெரு தள்ளி போய் எட்டு குடம் தண்ணீர் தூக்குகிறார். எட்டாவது குடத்தில் வழியில் உட்கார்ந்துவிடுகிறார்.’

என் சிவப்பு மை முதலில் போனது ‘தள்ளி போய்’ என்ற இடத்துக்கு. ஒற்று இல்லை. அடுத்து ‘எட்டு குடம்’. அங்கேயும் இல்லை. இரண்டையும் சுழித்துவிட்டு அடுத்த நோட்டை எடுத்தபோதுதான், அந்தப் பெண்மணி வழியில் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரிந்தது. நோட்டைத் திரும்ப எடுத்தேன். சுழித்ததை அழிக்க முடியவில்லை. சிவப்பு மை அப்படித்தான்.

அன்றிலிருந்து முதல் வாசிப்பில் பேனாவை மூடி வைத்துவிடுவது என் வழக்கமாயிற்று. பிள்ளை என்ன சொல்ல வருகிறான் என்று பார்த்த பிறகுதான் எப்படிச் சொல்கிறான் என்பது. சக ஆசிரியர்கள் சிலர் இதைச் சலுகை என்றார்கள். ல, ள, ழ தெரியாமலே மேல் வகுப்புக்கு அனுப்புகிறேன் என்ற குற்றச்சாட்டும் வந்தது. அதில் கொஞ்சம் உண்மை உண்டு. எல்லோரையும் என்னால் கரையேற்ற முடியவில்லை. பின்னால் 2019-20இல் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வின் இரண்டு தாள் ஒரே தாளானபோது, இனி மனப்பாடத்தின் பிடி தளரும் என்று நம்பினேன். நோட்ஸ் போடுகிறவர்கள் என்னைவிடச் சுறுசுறுப்பானவர்கள்.

அடிபம்புக் கடிதத்தை அவன் அம்மா திங்கட்கிழமை மனுநாளுக்குக் கொண்டுபோவதாகச் சொல்லி, சுத்தப் பிரதி எழுத என்னிடம் வெள்ளைத்தாள் கேட்டு வந்தான். தாளை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றான்.

“அந்த ஒற்று எங்கே வரும், எங்கே வராது அம்மா? கலெக்டர் படிப்பார் இல்லையா?”

வல்லினம் மிகும் இடங்களை வருடா வருடம் நடத்தியிருக்கிறேன். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. மணி அடித்த பிறகும் அரை மணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். மறுநாள் கொண்டுவந்த பிரதியில் இரண்டு ஒற்றும் சரியாக விழுந்திருந்தன. வேறோர் இடத்தில் தேவையில்லாமல் ஒரு ‘க்’ முளைத்திருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.