விளக்கு மாதத்து மீன்கள்

14 ஜூன் 2025, சனி, வெலிங்டன்

பக்கத்து வீட்டுப் பாட்டி, இந்த நாட்டின் பூர்வகுடியான மாவோரி இனத்தவர், வரும் வெள்ளிக்கிழமை விடியலுக்கு முன் எங்களைக் குன்றுக்கு அழைத்திருக்கிறார். மத்தாரிக்கி. சூரியனோடு ஒரு மாதம் மறைந்திருந்த விண்மீன்கூட்டம் கிழக்கே மறுபடி தலைகாட்டுவதுதான் இவர்களுக்குப் புத்தாண்டு. 2022 முதல் நியூசிலாந்து முழுவதும் அன்று விடுமுறை.

படத்தைக் காட்டியதும் அம்மா, "இது நம் ஆறாமீன் அல்லவா!" என்றார். கார்த்திகை என்று அவர் வாயில் வராது. அப்பாவின் பெயர் அதில்தான் தொடங்குகிறது. மாதத்தைக்கூட 'விளக்கு மாதம்' என்பார். தையில் அப்பா போன பிறகும் அப்படித்தான்.

17 ஜூன், செவ்வாய்

நாள் முழுக்க மழை. பாட்டி தேநீருக்கு வந்தார். இருவருக்கும் நடுவே நான் மொழிபெயர்த்தே களைத்தேன்.

வானத் தந்தை ரங்கியையும் பூமித் தாய் பாப்பாவையும் பிள்ளைகள் பிரித்துவிட, காற்றுக் கடவுள் தாஃபிரிமாதேயா ஆத்திரத்தில் தன் கண்களையே பிடுங்கி வானத்தில் எறிந்தானாம். அந்தக் கண்கள்தான் இந்த மீன்கள். அம்மா பதிலுக்குச் சரவணப் பொய்கையைச் சொன்னார். ஆறு குழந்தை எப்படி ஒன்றானது என்று பாட்டி மடக்கினார். "பார்வதி சேர்த்து அணைத்தாள், ஒன்றாகிவிட்டது." அம்மா அசரவில்லை.

எண்ணிக்கையில்தான் தகராறு. நமக்கு ஆறு, பாட்டிக்கு ஒன்பது. மழைக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று, மண்ணில் விளைவதற்கு ஒன்று. போஹுத்துக்காவா என்பது அந்த ஆண்டு இறந்தவர்களுக்கு. பாட்டியின் கணவர் தாரானாக்கி வட்டாரத்துக்காரர். அங்கே பலருக்குப் புவாங்காதான், அதாவது ரைஜல் விண்மீன்தான் புத்தாண்டைக் கொண்டுவரும். "நாற்பது வருடம் இதே சண்டை" என்று சிரித்தார்.

20 ஜூன், வெள்ளி

காலை ஆறரை மணி. கடுங்குளிர், நல்லவேளையாக மேகமில்லை. சிரியஸ் விண்மீனிலிருந்து இடப்பக்கமாக மூன்று மீன் வரிசையைத் தாண்டிப் போனால், அடிவானத்துக்குச் சற்று மேலே சின்னப் புகைத்திட்டு. ஊரில் தீபத்தன்று அந்தி சாயும்போது எழுகிற அதே கூட்டம்.

வெந்த உணவுப் பாத்திரங்களைத் திறந்தார்கள். சர்க்கரைவள்ளி, விலாங்கு. மேலே போகிற ஆவிதான் படையல். சைவக்காரியான அம்மா மூக்கைச் சுளிக்கவில்லை.

பிறகு அந்த ஆண்டு இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். பாட்டி அம்மாவைப் பார்த்தார். நான் வாயெடுத்தேன், அம்மா கையமர்த்தினார். வெகுநேரம் நின்றார். பிறகு விரலை நீட்டி, "அந்த ஆறு பேர் வளர்த்த பிள்ளை" என்றார், உரக்க.

என்ன பெயர் என்று பாட்டி என்னிடம் கேட்டார்.

சொல்லியாகிவிட்டது என்றேன்.