தகரத் தொப்பி: மூன்றாவது தடவை

நேற்று இரவு கொட்டின மழைக்கு ஹோலில் வாளி வைக்கவில்லை! பழைய வீட்டுக் கொங்கிறீற் கூரை பிளேட்டுக்கும் புது அறை பிளேட்டுக்கும் இடையில் விட்ட ஒரு அங்குல நீக்கல் நாலு மாரியாகப் படுத்தின பாடு சொல்லி மாளாது.

முதலில் சிலிக்கன். பங்குனி வெயிலுக்கே ஒரு பக்கமாக உரிந்து வந்தது. பிறகு தட்டைத் தகரம் போட்டு இரண்டு பக்கமும் ஆணி அடித்தேன், அது என் மடைத்தனம். 30 அடி கொங்கிறீற் 30 பாகை சூடேறினால் கிட்டத்தட்ட 3 மில்லிமீற்றர் நீளும், இரவில் சுருங்கும். இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்த தகரம் ஆணித் துளையைப் பெருப்பித்து அதற்குள்ளாலேயே தண்ணீரை விட்டது.

இந்தமுறை இரண்டு ஓரமும் நாலு அங்குலக் கட்டு எழுப்பி, நடுவில் பழைய லொறி ரியூப்பைத் தொய்வு விட்டு ஒட்டி, மேலே 26 கேஜ் கல்வனைஸ் தகரத்தைத் தொப்பி மாதிரிக் கவிழ்த்தேன். பழைய வீட்டுப் பக்கம் மட்டும் திருகாணி. மற்றப் பக்கத்துக் கட்டோடு ஒரு கொளுக்கித் தகரம் அறைந்து, தொப்பியின் ஓரத்தை அரை அங்குலம் மடித்து அதில் கொளுவி விட்டதோடு சரி. அலுமினியம் வாங்கச் சொன்னார்கள். ஈரச் சீமெந்து பட்டால் அரிக்கும், சூட்டுக்கு இரும்பைவிட இரண்டு மடங்கு நீளும், வேண்டாம்.

அந்த அரை அங்குல மடிப்புத்தான் உயிரை வாங்கியது. மடிக்கும் மிசின்காரர் ஆறு துண்டுக்கு இரண்டு கிழமை கேட்டதால் இரண்டு ஆங்கிள் இரும்புக்கு நடுவில் தகரத்தை நெரித்து மரச்சுத்தியலால் நானே அடித்தேன். மூன்று துண்டு வீண். அழகாகத் தட்டையாக அடித்தால் கொளுக்கியைக் கவ்விப் பிடிக்கிறது, பிறகு ஆணி அடித்ததும் ஒன்றுதான், இதுவும் ஒன்றுதான். கடைசியில் மகளின் மர அடிமட்டத்தை மடிப்புக்குள் வைத்து அடித்து உருவி எடுத்தேன். விரலால் தள்ள, தொப்பி சுகமாக அசைந்தது. அடிமட்டத்தில் இப்போது 7க்கும் 12க்கும் நடுவில் இலக்கம் இல்லை, பள்ளிக்கூடத்துக்கு வேறு வாங்க வேண்டும்.

பொருத்துகளில் ஆறு அங்குலம் ஏற்றி, மேட்டுப் பக்கத் துண்டு மேலே வருகிற மாதிரி வைத்தேன். உப்புக்காற்று என்பதால் வெட்டின ஓரமெல்லாம் சிங்க் பெயின்ற்.

கைப்பிடிச் சுவரோடு முட்டுகிற முனை மட்டும் இன்னும் முடியவில்லை, அங்கே உள்ளங்கையளவு ஈரம் தெரிகிறது. அதை விட்டுவிட்டு இன்று காலை முழுக்கப் பீலிக்கு அளவெடுத்துக்கொண்டு நின்றேன். ஐப்பசி கார்த்திகை மழையைக் கிணற்றடிக்குத் திருப்பினால் எவ்வளவு நல்லது! இப்போதைக்கு அந்த முனையில் சீமெந்துப் பையும் ஒரு கல்லும்.