றாத்தல் கணக்கு

பெப்ரவரி 2, திங்கள்

79.2 கிலோ. அண்ணாவுக்குச் சிறுநீரகம் கொடுக்க வேண்டுமென்றால் 75க்கு வரவேண்டும். கிளினிக்கில் தந்த தாளின் முதல் வரியே ‘பாண், பணிஸ் தவிர்க்கவும்’. தாளை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். மற்ற எல்லாவற்றையும் விடுகிறேன். பாணை விடமாட்டேன்.

பெப்ரவரி 3, செவ்வாய்

இரவு முழுக்கக் கணக்குத்தான். ஒரு றாத்தல் பாண் 450 கிராம். வெள்ளைப் பாண் 100 கிராமுக்கு ஏறக்குறைய 265 கலோரி. முழுப் பாணும் 1,200ஐத் தொட்டுவிடும். எனக்கு ஒரு நாளைக்கே 1,400தான். இப்படிப் பார்த்தால் யாருக்கும் பயம் வரும்.

ஆனால் முழுப் பாணையும் யார் சாப்பிடுகிறார்கள்? ஒரு துண்டை வெட்டித் தராசில் வைத்தேன். 30 கிராம். 80 கலோரி. மூன்று துண்டு என்றால் 240. அப்புறம் மாஜரின் ஒரு மேசைக்கரண்டியைப் பார்த்தேன், 100! ஒரு துண்டு பாணைவிட அதன்மேல் பூசுவது கூட. மத்தியானம் போடுகிற சோறு 300 கிராம் வரும், அது 390. அந்தச் சோற்றைப் பற்றித் தாளில் ஒரு சொல் இல்லை.

முடிவு: பாண் இருக்கும். மாஜரின் போகும். சம்பல் இரண்டு தேக்கரண்டி, அதற்குமேல் இல்லை. தேங்காய்ப்பூ 100 கிராமில் 350 கலோரி இருக்கிறது.

பெப்ரவரி 5, வியாழன்

அண்ணாவோடு இரத்தச் சுத்திகரிப்புக்குப் போனேன். நாலு மணித்தியாலம் அந்தக் கதிரையில். முடிந்து எழும்பும்போது அவருக்கு எப்போதும் பசிக்கும். அண்ணி பாணும் முட்டை வெள்ளைக்கருப் பொரியலும் கொண்டு வந்திருந்தார், உப்பில்லாமல்.

எனக்குத் தவிட்டுப் பாண் நல்லதாம். அவருக்கு வெள்ளைப் பாண்தானாம், தவிட்டில் பொஸ்பரசும் பொட்டாசியமும் கூட என்பதால். ஒரே வீட்டில் இரண்டு பாண் வாங்கச் சொல்கிறார்கள். நான் வாங்கப் போவதில்லை. அவர் சாப்பிடுகிற பாணில்தான் என் மூன்று துண்டும்.

ஓரத்துண்டைக் கேட்காமலே என் பக்கம் தள்ளினார். சின்ன வயதில் அதற்காக எத்தனை சண்டை.

பெப்ரவரி 6, வெள்ளி

பசி. வேறொன்றுமில்லை.

பெப்ரவரி 9, திங்கள்

பசி ஏன் இவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று தேடியதில் ஒன்று கிடைத்தது. 1995இல் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் என்பவரும் அவருடைய குழுவும் 38 உணவுகளை 240 கலோரி வீதம் ஆட்களுக்குக் கொடுத்து, இரண்டு மணித்தியாலம் வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டுக் குறித்திருக்கிறார்கள். வெள்ளைப் பாணுக்கு 100 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அளந்தார்கள். முட்டை 150. முழுக்கோதுமைப் பாண் 157. மீன் 225. அவித்த உருளைக்கிழங்கு 323, எல்லாவற்றுக்கும் மேலே. குரோசோன் 47தான்.

அப்படியென்றால் பாணைத் தனியே சாப்பிட்டால் நிற்காது. இன்று இரவு இரண்டு துண்டு பாணும் பால் விடாத சூடைமீன் குழம்பும். பத்து மணிவரைக்கும் வயிறு சும்மா இருந்தது. சந்தோஷமாகப் படுத்தேன்.

உருளைக்கிழங்கு அண்ணாவுக்கு விலக்கு. அதனால் வீட்டில் வாங்குவதே இல்லை.

பெப்ரவரி 12, வியாழன்

திரும்பி வரும்போது பேக்கரியடியில் இறங்கினேன். நாலு மணிக்குத்தான் போறணை திறப்பார்கள். விறகுப் போறணை. நீளக் கட்டையை உள்ளே விட்டு இழுக்க, றோஸ் பாண் வரிசையாக வருகிறது, மேல்தோல் கருஞ்சிவப்பாக, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி. பிய்க்கும்போதுதான் அந்தப் பக்கம் வெள்ளைப் பஞ்சாகத் திறந்து ஆவி வரும். அந்த முதல் துண்டுக்குக் கறி வேண்டாம், சம்பல் வேண்டாம். மெல்ல மெல்ல மாவின் இனிப்பு வரும். அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் நான் பாண் தின்றேனே தவிர, இப்படி ருசி பார்த்ததில்லை. ஓட்டோவில் இருந்தே 60 கிராம் அளவு பிய்த்துத் தின்றேன். 160. எழுதிவிட்டேன்.

பெப்ரவரி 14, சனி

வாட்டினால் கலோரி போய்விடும் என்று மாமி சொன்னார். 30 கிராம் துண்டை வாட்டி நிறுத்தேன், 26. போனது தண்ணீர். கலோரி அப்படியே இருக்கும். வாட்டுவதற்கு முன்னால் நிறுத்துத்தான் எழுத வேண்டும். ஆனாலும் வாட்டியதை மெல்ல நேரம் எடுக்கிறது, அதுவே நல்லது.

பெப்ரவரி 15, ஞாயிறு

சிவராத்திரி. அம்மா தண்ணீரும் குடிக்கவில்லை. “உங்கள் ரெண்டு பேருக்கும்தான்” என்றார். மறுத்துப் பேச வாய் வரவில்லை.

பெப்ரவரி 16, திங்கள்

77.6!

பெப்ரவரி 18, புதன்

77.6.

பெப்ரவரி 19, வியாழன்

77.7. ஒரு பிழையும் விடவில்லை. ஒவ்வொரு துண்டும் நிறுத்ததுதான். உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், இரண்டொரு கிழமையில் இறங்கும் என்று தெரியும். தெரிந்தும் தராசை உதைக்க வேண்டும் போலிருந்தது.

75க்கு வந்தபிறகு வேறு ஏதாவது சரியில்லை என்றால்? இரத்தம் பொருந்துகிறது, அது போதும் என்று ஒருவர் சொல்கிறார். அது தொடக்கம்தான் என்று இன்னொருவர். அண்ணாவின் கையில், சுத்திகரிப்புக்கு ஊசி ஏற்றுகிற அந்தப் புடைப்பைத் தொட்டால் உள்ளே கிர்ரென்று ஓடுகிறது. இன்னும் எத்தனை மாதம் அது தாங்கும்? நான் நிறை குறைக்கும் வேகத்துக்கா அவர் காத்திருக்க வேண்டும்?

“எனக்காக நீ பட்டினி கிடக்காதை, பிள்ளை” என்றார் இன்று. “பட்டினி இல்லை, பாண் சாப்பிடுறன்” என்றேன். நம்பவில்லை. பின்னேரம் தெருவில் பாண் விற்கிற சூன் பாண் ஓட்டோ பீத்தோவன் மெட்டோடு வந்ததும் நிறுத்தி, அவருக்கு முன்னால் இருந்து இரண்டு துண்டு சாப்பிட்டுக் காட்டினேன். பருப்போடு. அவரும் ஒன்று எடுத்தார்.

பெப்ரவரி 21, சனி

குரக்கன் பாண். கலோரியில் பெரிய வித்தியாசம் இல்லை. கட்டசம்பலோடு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தனியாக ஒரு பாணை வைத்துக்கொண்டு இருப்பது பிடிக்கவில்லை.

பெப்ரவரி 23, திங்கள்

76.9. அண்ணாவுக்குக் காய்ச்சல்.

பெப்ரவரி 24, செவ்வாய்

39 பாகை. ஆஸ்பத்திரியில் மறித்து வைத்துக்கொண்டார்கள். எழுத ஒன்றுமில்லை.

பெப்ரவரி 26, வியாழன்

காய்ச்சல் விட்டுவிட்டது. வாய்க்கு ஏதாவது வேண்டும், றோஸ் பாண் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். அண்ணி போன் எடுத்தபோது குரலே மாறியிருந்தது.

நாளை காலை எனக்கும் இரத்தம் எடுக்கிறார்கள், வெறும் வயிற்றோடு வரட்டாம். இன்று 1,400இல் இன்னும் 210 மிச்சம் இருக்கிறது. நாலு மணிக்குப் போறணை திறக்கும், இப்போது மூன்றரை, குடையை எடுத்துக்கொண்டு