விசையே வராத மெம்பர்

டவர் டிசைனில் சேர்ந்த புதிதில், எடையைக் குறைப்பதுதான் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் நியாயமும் உண்டு. மின்பாதை டவரில் ஆங்கிள் எனும் ‘L’ வடிவ இரும்பு ஒன்றைச் சிறிதாக்கினால் நான்கு முகத்திலும் எடை குறையும்; அதே டவர் பாதை நெடுகப் பல இடங்களில் எழும்பும்.

ஒருநாள் ஸ்டாட் புரோ மென்பொருளில் அனாலிசிஸ் ஓட்டிவிட்டு விசைப் பட்டியலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். டவரின் அடிக்கட்டமான அடிப் பேனலில், காலுக்கும் அதன் சாய்வுச் சட்டமான பிரேசிங்குக்கும் நடுவே ஓடும் சின்ன ஆங்கிள்களில் விசை கிட்டத்தட்டப் பூஜ்யம். காற்றை எந்தத் திசையில் வீசவிட்டாலும், ஒரு பக்கத்து மின்கம்பி அறுந்ததாக வைத்தாலும் அதேதான். சும்மா தொங்குகிற இரும்பு எதற்கு? அந்தப் பேனலில் மட்டும் அவற்றை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினேன். காலில் வரும் தகைவுக்கும் அது தாங்கக்கூடிய தகைவுக்கும் உள்ள விகிதம் (1ஐத் தாண்டக் கூடாது) முன்பும் 0.64, இப்போதும் 0.64. எச்சரிக்கை ஒன்றும் வரவில்லை. எனக்கு ஒரே பெருமை.

சரிபார்த்த சீனியர் கணினிப் பக்கமே போகவில்லை. டவரின் ஒரு முகத்தைத் தாளில் அச்செடுத்து, காலை எதுவாவது பிடித்துக்கொள்ளும் இடங்களிலெல்லாம் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். அடிப் பேனலில் பென்சில் நின்றது.

“இந்த இடத்துல காலைப் பிடிச்சிருக்கிறது எது தம்பி?”

“அங்கே விசை இல்லை சார்.”

“விசையைக் கேட்கல. பிடிமானத்தைக் கேட்டேன்.”

அந்த ஆங்கிள்களுக்கு ரிடண்டன்ட் என்று பெயர். அவை பாரத்தைச் சுமப்பதில்லை; கால் நடுவில் நெளிந்துவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. 100×100×8 ஆங்கிளின் மிகக் குறைந்த சுழல் ஆரம் (நெளிவை எதிர்ப்பதைக் காட்டும் அளவு) ஏறக்குறைய 19.5 மி.மீ. பிடிமானம் 1.5 மீட்டருக்கு ஒன்று இருந்தால், நீளத்தை அந்த ஆரத்தால் வகுத்து வரும் மெலிவு விகிதம் 77. நடுப்பிடிமானம் போய் 3 மீட்டரானால் 154. கால்களுக்கு அமெரிக்க டவர் டிசைன் விதியான ஏ.எஸ்.சி.இ. 10 வைக்கும் வரம்பே 150தான். 250 மெகாபாஸ்கல் எஃகில் அந்த விதிப்படி கால் தாங்கும் அமுக்கத் தகைவு 203லிருந்து 83 மெகாபாஸ்கலுக்கு இறங்கிவிடும். என் காலில் இருந்தது 200 கிலோநியூட்டன், அதாவது 130 மெகாபாஸ்கல். 0.64 என்று நான் கொண்டாடியது உண்மையில் 1.57!

மென்பொருள் ஏன் சொல்லவில்லை? ஆங்கிளை நீக்கினேனே தவிர, அது வந்து சேர்ந்த முனையை விட்டுவிட்டேன். மாடலில் கால் இன்னமும் 1.5 மீட்டர் துண்டுகள் இரண்டாகவே இருந்தது. வேறு நீளம் கொடுக்காவிட்டால், பக்கிளிங் (நெளிவு) கணக்குக்கு முனையிலிருந்து முனை வரை உள்ள தூரத்தையே அது எடுத்துக்கொள்ளும். டவருக்கென்றே வந்த பி.எல்.எஸ். டவர் மென்பொருளிலும் இந்த நீளத்தை விகிதமாக நாம்தான் கொடுக்க வேண்டும். அங்கேயும் தப்ப வழியில்லை.

வளையாத காலை வைத்துச் செய்யும் நேரியல் கணக்கில் ரிடண்டன்டுக்கு விசை வராதது இயல்புதான். நிஜக் கால் அவ்வளவு நேராக இருப்பதில்லை. அதனால், அது பிடித்துக்கொண்டிருக்கும் மெம்பரின் (இங்கே காலின்) விசையில் 1.5 முதல் 2.5 சதவீதம் வரை ரிடண்டன்டுக்குத் தனியாகக் கொடுத்து டிசைன் செய்வது வழக்கம். என் கணக்கில் 2.5 சதவீதம் என்றால் 5 கிலோநியூட்டன். சின்ன ஆங்கிளும் ஒரு போல்ட்டும் போதும். இவ்வளவுக்கும் நான் மிச்சப்படுத்தப் பார்த்தது அதைத்தான்.

அப்புறம், மென்பொருளே எச்சரித்துச் சத்தம் போடுகிற தவறுகள் வேறு ரகம். ஒரு முனையில் சேரும் ட்ரஸ் மெம்பர்கள் (இழுப்பையும் அமுக்கத்தையும் மட்டுமே சுமப்பவை) எல்லாம் ஒரே தளத்தில் கிடந்தால், அந்தத் தளத்துக்குக் குறுக்கே அந்த முனையைத் தாங்க எதுவுமில்லை. ஸ்டாட் புரோ ‘நிலையில்லை, வலுவற்ற ஸ்பிரிங் சேர்க்கிறேன்’ என்று எழுதிவிட்டு, கணக்கை முடித்தும் கொடுத்துவிடும். அந்த வரியைப் படிக்காமல் பக்கத்தைத் தள்ளுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் தள்ளியவன்தான்.

இப்போதும் எந்த டவரானாலும் நான்கு முகத்தையும் அச்செடுத்துப் புள்ளி வைத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன். போன வாரம் ஒரு அடிப் பேனலில் ஒரு புள்ளி குறைந்தது. பதறிப்போய் மாடலைத் திறந்தேன். ஆங்கிள் அங்கேதான் இருந்தது; வரைபடத்தில்தான் விட்டுப்போயிருந்தது. ஃபேப்ரிகேஷனுக்குப் போக இருந்தது அந்த வரைபடம்தான்.