சொட்டு விடும் முன் ஆங்கிளைப் பார்க்கச் சொல்லுங்கள்

அம்மாவின் இடது கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம். ஆபரேஷன் அரை மணி நேர வேலைதான். அதற்கு முன் ஒரு நாள் வீணாகப் போனதுதான் இன்னும் எரிகிறது.

ஏற்காட்டிலிருந்து காலை பஸ்ஸில் சேலம் இறங்கி டோக்கன் போட்டு உட்கார்ந்ததுமே, வரிசையில் இருந்த எல்லோருக்கும் கண் பாப்பா விரியும் சொட்டை விட்டுக்கொண்டே வந்தார்கள். அம்மா தூரப் பார்வைக்கே போட்டிருப்பது ப்ளஸ் மூன்று கண்ணாடி. அப்படிப்பட்ட கண் பெரும்பாலும் முன்பின் குட்டையானது, கருவிழிக்குப் பின்னால் இருக்கும் முன் அறையில் ஆழம் இருக்காது. போதாததற்குப் புரை முற்ற முற்ற லென்ஸ் தடித்து, பாப்பாவைச் சுற்றியுள்ள நிற வளையமான ஐரிஸை முன்னால் தள்ளும். கருவிழியும் ஐரிஸும் சேரும் ஓரத்து இடுக்குதான் ஆங்கிள். கண்ணுக்குள் ஊறும் நீர் அங்கேதான் வடிகிறது. பாப்பா விரியும்போது ஐரிஸ் ஓரத்தில் சுருண்டு அதை அடைத்துவிடலாம், நீர் வடியாமல் கண் பிரஷர் ஏறலாம்.

"ஆங்கிள் பார்க்காம யாரு சொட்டு விட்டது?" என்று டாக்டர் கேட்டதற்குப் பதில் சொல்ல ஆளில்லை. விரிந்த கண்ணில் கோனியோஸ்கோபி (கண்ணில் லென்ஸ் வைத்து ஆங்கிளைப் பார்க்கும் சோதனை) செய்தால் ஆங்கிளின் நிஜ அகலம் தெரியாது. இரண்டு மணி நேரம் உட்காரவைத்துக் கண் பிரஷர் பார்த்து, இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். கண்வலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், எது வந்தாலும் ராத்திரியே இறங்கி வந்துவிட வேண்டுமாம். இருபது கொண்டை ஊசி வளைவும் அம்மா முந்தானையால் கண்ணை மூடியே வந்தார்.

ஆகவே பழைய கண்ணாடியைக் கையோடு கொண்டுபோங்கள். தூரத்துக்கு ப்ளஸ் பவர் என்றால் சொட்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஆண்களுக்கு இன்னொன்று: ப்ராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிட்டால், நிறுத்தியிருந்தாலும் சொல்லுங்கள். அந்த மாத்திரையால் ஆபரேஷனில் ஐரிஸ் தொளதொளவென்று அலையலாம், பாப்பா சுருங்கலாம்.

அடுத்த தடவை எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஐந்து மில்லிமீட்டர் தடித்திருந்த லென்ஸை எடுத்துவிட்டு ஒரு மில்லிமீட்டர்கூட வராத செயற்கை லென்ஸை வைத்தார்கள். இடம் கிடைத்ததும் ஐரிஸ் பின்னால் சாய்ந்தது. 2.3 மில்லிமீட்டராக இருந்த முன் அறை ஆழம் இப்போது 3.6. ஆங்கிள் திறந்தது, பிரஷர் 20-லிருந்து 16-க்கு இறங்கியது. முதல் இரண்டு நாள் கருவிழி வீங்கிப் பார்வை மங்கலாக இருந்தது, அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் வலி கூடினாலோ பார்வை இறங்கினாலோ உடனே ஓடுங்கள். லென்ஸ் நிலைகொள்ள நாளாகும் என்பதால் பத்தாம் நாளே கண்ணாடி எழுதித் தருகிறேன் என்பவரிடம் ஏமாறாதீர்கள்.

முன்பெல்லாம் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்தால் அம்மாவின் மூக்குப் பக்க ஐரிஸ் நிழலில் கிடக்கும். இப்போது இடது கண்ணில் வெளிச்சம் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை போகிறது. வலது கண்ணில் அதே நிழல் அப்படியே இருக்கிறது. அதற்கு அடுத்த மாதம் தேதி. டோக்கன் சீட்டிலேயே 'சொட்டு விடாதீர்கள்' என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.