இசபெல்லாவின் விருந்தும் நீட்டிய அந்தக் காலும்

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன. இன்றைக்குத்தான் என் கோட்டுப்படத்தில் அந்தக் கால் சரியாக விழுந்தது.

ஆங்கிலேய ஓவியர் ஜான் எவரெட் மில்லே பத்தொன்பது வயதில் வரைந்த ‘இசபெல்லா’ ஓவியத்தை, வண்ணம் தொடுவதற்கு முன் போடும் ஆயத்த ஸ்கெட்ச் மாதிரி வெறும் கோட்டில் வரைந்து பார்க்கிறேன். ஆங்கிலக் கவிஞர் கீட்ஸின் கதைப்பாட்டில் வரும் காதல் இது. ஃபிளாரன்ஸ் வணிகக் குடும்பத்துப் பெண் இசபெல்லா, அண்ணன்மாரிடம் வேலை பார்க்கும் லொரென்சோவை விரும்புகிறாள். அவர்கள் அவனைக் கொன்றுவிடுகிறார்கள். அவள் அவன் தலையைத் தொட்டியில் புதைத்து, மேலே பேசில் செடி வளர்க்கிறாள். பேசில் என்றால் நம் திருநீற்றுப்பச்சிலை. அது தெரிந்த பிறகு என் மாடித் தொட்டியைப் பழையபடி பார்க்க முடியவில்லை. ஓவியத்தில் இருப்பது கொலைக்கு முந்தைய விருந்து. பின்னால் சுவர்மேல் செடித்தொட்டிகள் ஏற்கெனவே காத்திருக்கின்றன.

மூல ஓவியம் லிவர்பூல் வாக்கர் கலைக்கூடத்தில் இருக்கிறது. 103க்கு 143 செ.மீ. கால் பங்காகச் சுருக்கினால் ஏ3 தாளில் அடங்கும். இரண்டரை செ.மீ. கட்டம் போட்டேன்.

முதல் தாளில் எடுத்த எடுப்பிலேயே நிழல் தீட்டினேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் ஒருவரோடொருவர் ஒட்டிக் கலங்கிப் போனார்கள். பிறகுதான் நினைவு வந்தது: மில்லேயும் அவருடைய ஓவிய நண்பர் ஹன்ட்டும் கீட்ஸ் பாட்டுக்கு வரிசையாகக் கோட்டுப்படங்கள் போடத்தான் முதலில் திட்டமிட்டார்கள். 1848இல் மில்லே வீட்டில் நண்பர்கள் கூடிப் பார்த்ததும் பீசா நகரச் சுவரோவியங்களைத் தகட்டில் கோடுகளாகச் செதுக்கி அச்சிட்ட படங்களைத்தான். புதுத்தாள் எடுத்து, எச்.பி. பென்சிலில் கோடு மட்டும் போட்டேன். பக்கவாட்டு முகங்கள் வரிசையாகத் தெளிந்தன.

முன்னால் இருக்கும் அண்ணன் கொட்டை உடைத்துக்கொண்டே நாயை உதைக்கிறான். அந்தக் காலை மூன்று முறை குட்டையாகப் போட்டு அழித்தேன். கோளாறு காலில் இல்லை, நாற்காலியில். அதை நான்கு காலிலும் ஊன்றி வரைந்திருந்தேன். மில்லே அதை முன்பக்கம் சாய்த்திருக்கிறார். சாய்த்து வரைந்ததும் உடம்பு முழுக்க ஆத்திரம் ஏறியது; பாதம் இசபெல்லாவின் மடியில் தலை வைத்த நாய்வரை தானாகவே எட்டியது. அடி அவள்மேல் விழுவதுபோலவே இருக்கிறது.

அவள் உட்கார்ந்திருக்கும் இருக்கையின் காலில் பி.ஆர்.பி. எழுத்துகளையும் பொறித்துவிட்டேன்; மில்லேயும் ஹன்ட்டும் இருந்த ‘பிரீ-ரஃபேலைட் பிரதர்ஹுட்’ ஓவியர் குழுவின் சுருக்கம் அது. மீதி இருப்பது பாதி ஆரஞ்சு வைத்த தட்டும் லொரென்சோவின் பார்வையும். அவள் குனிந்திருக்கிறாள், அவன் கண்ணெடுக்காமல் பார்க்கிறான். அந்தக் கண்ணை வேறு தாளில் பத்து முறையாவது போட்டுப் பழகிய பிறகே இதில் கை வைப்பேன்.